மரியோ விளையாட்டில் காளான் எப்படி வேலை செய்கிறது?

டெல்டாக்காரர்களுக்குக் காளான் இரண்டு வகையில் பழக்கம். ஐப்பசி மழையில் இரவெல்லாம் இடி இடித்திருந்தால் மறுநாள் காலை புற்றோரத்தில் குடை விரித்து நிற்பது ஒன்று. நனைந்த வைக்கோல் போரின் அடியில் முட்டை முட்டையாகத் தலைகாட்டுவது இன்னொன்று. மூன்றாவது காளான் டிவி கேமில் வருவது. கேள்விக்குறி போட்ட பெட்டியை மரியோ கீழிருந்து முட்டினால், அது பெட்டியின் தலைக்கு மேல் மெல்ல எழும்பி, யாரும் தள்ளாமலே நகர்ந்து போகும். ஓடிப்போய்த் தொட்டால் சின்ன மரியோ பெரிய மரியோ ஆகிவிடுவான். "பவர் எடுத்தாச்சா?" என்று பிள்ளைகள் கேட்டுக்கொள்வது இதைத்தான்.

வீட்டில் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்து 'இதில் என்ன இருக்கிறது' என்று யோசிப்பவர்களுக்கும், ரிமோட்டைக் கையில் வாங்கிய முதல் பத்து நிமிடத்தில் மூன்று லைஃபையும் விட்டவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த விளக்கம். இங்கே சொல்வது பெரும்பாலும் 1985 செப்டம்பர் 13 அன்று ஜப்பானில் வெளிவந்த முதல் 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' பற்றி. நம் ஊர்ச் சின்ன டிவி கேம் பெட்டிகளில், மஞ்சள் கேசட்டில், 'மரியோ' என்று ஓடியது பெரும்பாலும் இதே ஆட்டம்தான்.

முதலில் இது எந்த வகை ஆட்டம் என்று பார்த்துவிடுவோம். இடமிருந்து வலமாக ஓட வேண்டும், குதிக்க வேண்டும், மேடை விட்டு மேடை தாவ வேண்டும், பள்ளத்தில் விழக் கூடாது. இதைப் பிளாட்ஃபார்ம் வகை என்பார்கள். நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயலில் சேற்றில் கால் படாமல் வரப்புக்கு வரப்பு தாவிப் போனவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வழியில் எதிரிகள் வருவார்கள். தலையில் மிதித்தால் அவர்கள் சாவார்கள், பக்கவாட்டில் இடித்தால் நாம் சாவோம். இந்த ஓட்டத்தின் நடுவே எடுத்தவுடன் ஆட்டக்காரனின் திறனை மாற்றிவிடும் பொருளுக்குப் பவர்-அப் என்று பெயர்.

இது மரியோவோடு பிறந்த யோசனை இல்லை. 1980இல் வந்த பாக்-மேனில் மூலைக்கு ஒன்றாகப் பெரிய மாத்திரைகள் இருக்கும். ஒன்றை விழுங்கினால் துரத்திய பேய்களைச் சிறிது நேரம் நாம் துரத்தலாம். 1981இல் வந்த டாங்கி காங்கில், பிற்காலத்தில் மரியோ என்று பெயர் பெற்ற அதே ஆளுக்கு ஒரு சுத்தியல் கிடைக்கும். அதை வைத்திருக்கும் வரை பீப்பாய்களை உடைக்கலாம், ஆனால் ஏணி ஏற முடியாது. பவர் என்றால் லாபம் மட்டுமில்லை, கூடவே ஒரு செலவும் வரும் என்பது அப்போதே வந்துவிட்டது. காளானுக்கும் அந்தச் செலவு உண்டு. அதைப் பின்னால் பார்ப்போம்.

எல்லாம் ஓர் எண்ணில் இருக்கிறது

காளான் என்ன செய்கிறது என்று கேட்டால் "பெரிசாக்கும்" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். கண்ணுக்குத் தெரிவது அதுதான். உள்ளே நடப்பது அதைவிட எளிது. மரியோ எந்த நிலையில் இருக்கிறான் என்பதற்கு ஆட்டம் ஓர் எண்ணை நினைவில் வைத்திருக்கிறது. 0 என்றால் சின்னவன், 1 என்றால் பெரியவன், 2 என்றால் நெருப்பு எறிபவன். பவர் எடுத்தால் எண் ஒரு படி ஏறும். அடிபட்டால் எண் 0 ஆகும். ஏற்கெனவே 0இல் இருக்கும்போது அடிபட்டால் ஒரு லைஃப் போகும்.

இந்த மூன்று வரியைப் பிடித்துக்கொண்டால் புதியவர்கள் குழம்பும் பல கேள்விகளுக்குத் தானாகவே பதில் வரும்.

ஒரே பெட்டியில் ஒருமுறை காளான் வருகிறது, இன்னொருமுறை பூ வருகிறது, ஏன்? பெட்டியை முட்டும் அந்த நொடியில் ஆட்டம் எண்ணைப் பார்க்கிறது. 0 என்றால் காளானை விடுகிறது, 1 அல்லது 2 என்றால் பூவை விடுகிறது. பெட்டிக்குள் பூ என்றோ காளான் என்றோ தனியாக எதுவும் இல்லை. 'பவர்' என்றுதான் எழுதியிருக்கிறது.

பெரியவனாக இருந்து பூவை வரவழைத்தாயிற்று, எடுக்கப் போகும் முன் ஆமை இடித்துச் சின்னவனாகிவிட்டோம். இப்போது அந்தப் பூவைத் தொட்டால் நெருப்பு வருமா? வராது. எண் 0இலிருந்து 1க்குத்தான் ஏறும். பூவைத் தின்றும் வெறும் பெரிய மரியோதான். இதைப் பார்த்துக் கேசட் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தவர்கள் உண்டு. கேசட் மேல் குற்றமில்லை.

நெருப்பு மரியோ அடிபட்டால் பெரிய மரியோ ஆவானா? இந்த ஆட்டத்தில் ஆகமாட்டான், நேரே சின்னவன்தான். இரண்டு படி ஏறியவன் இறங்கும்போது ஒரே குதியில் இறங்குகிறான். ஆகவே பூ கூடுதல் உயிர் தருவதில்லை, கூடுதல் ஆயுதம் மட்டும் தருகிறது. உயிரைக் காப்பது காளான்தான். இதனால்தான் புதிதாக ஆடுகிறவர்களுக்குப் பூவைவிடக் காளானே பெரிய சொத்து.

லைஃப் என்பது இந்த எண்ணில் சேராது, அது தனிக் கணக்கு. மூன்றில் ஆரம்பிக்கும், 100 காசு சேர்த்தால் ஒன்று கூடும், பச்சைக் காளான் எடுத்தாலும் ஒன்று கூடும். சிவப்பும் பச்சையும் ஒரே உருவம்தான் என்பதால் சின்னப் பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுவார்கள். சிவப்பு எடுத்தால் உடம்பு வளரும், லைஃப் கூடாது. பச்சை எடுத்தால் லைஃப் கூடும், உடம்பு வளராது.

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையைத் தட்டினால் சாயும், ஆனால் விழாது. காளான் தின்ற மரியோவும் அப்படித்தான். ஒரு வித்தியாசம், பொம்மையை எத்தனை முறை வேண்டுமானாலும் தட்டலாம், மரியோவை ஒரே ஒரு முறைதான். அடுத்த காளான் வரும் வரை அவன் சாதாரண மண் பொம்மை.

முதல் ஸ்டேஜ், முதல் பெட்டிகள்

காளானைப் புரிந்துகொள்ள முதல் ஸ்டேஜின் முதல் இருபது நொடியை மெதுவாகப் பார்த்தால் போதும். மரியோ திரையின் இடப்பக்கம் நிற்கிறான். வலப்பக்கம் நடந்தால் முதலில் தனியாக ஒரு கேள்விக்குறிப் பெட்டி. அதில் ஒரு காசு மட்டும். அதே நேரம் எதிரிலிருந்து பழுப்பு நிறத்தில், முறைத்த கண்ணோடு, இரண்டு கால் வைத்த ஒன்று நடந்து வரும். அதன் பெயர் கூம்பா. அடுத்து ஐந்து கட்டங்கள் வரிசையாக இருக்கும்: செங்கல், கேள்விக்குறி, செங்கல், கேள்விக்குறி, செங்கல். அவற்றுக்கு மேலே உயரத்தில் இன்னொரு கேள்விக்குறி. வரிசையில் இடமிருந்து வரும் முதல் கேள்விக்குறியில்தான் காளான் இருக்கிறது.

முட்டியதும் காளான் மேலே எழும்புகிறது. எழுந்தவுடன் எப்போதும் வலப்பக்கம்தான் நகரும். செங்கல், பெட்டி, செங்கல் என்று வரிசையின் முதுகிலேயே ஊர்ந்து போய், ஓரத்தில் தரையில் விழுந்து, மேலும் வலப்பக்கம் போகும். மூன்று கட்டம் தள்ளி ஒரு பச்சைக் குழாய். அதில் இடித்துத் திரும்பும். இப்போது மரியோவை நோக்கி வரும்.

முதன்முதலாக ஆடும் தம்பியும் பக்கத்தில் உட்கார்ந்த அக்காவும் இருந்தால் இந்த இடத்தில் பேச்சு அநேகமாக இப்படித்தான் போகும்:

"அக்கா, இன்னொண்ணு வருதுக்கா!"

"ஓடாதடா, அது காளான். அங்கேயே நில்லு."

"முட்டிடும்க்கா..."

"முட்டட்டும்டா, அதுதான் வேணும்!"

தம்பியின் பயத்தில் நியாயம் இருக்கிறது. சற்றுமுன் வந்த கூம்பாவும் குடை போட்ட உருவம்தான், இதுவும் குடை போட்ட உருவம்தான். முதலாவது தொட்டால் சாவு என்று இப்போதுதான் கற்றிருக்கிறான். ஆட்டத்தை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் இந்தப் பயத்தை எதிர்பார்த்தே இடத்தை அமைத்தார்கள். பயந்து குதித்தால் என்ன ஆகும்? தலைக்கு மேலே செங்கல் வரிசை இருக்கிறது. மரியோ அதில் முட்டி உடனே கீழே விழுவான், காளான் மேலேயே வந்து விழுவான். தப்பிக்கப் பார்த்தாலும் காளான் கிடைத்துவிடும். கிடைத்தவுடன் எதிரிகள் எல்லாரும் ஒரு கணம் உறைய, மரியோ சின்னதும் பெரிதுமாக மாறி மாறித் தெரிந்து, கடைசியில் வளர்ந்து நிற்பான். 1000 புள்ளியும் சேரும். இது நல்லது என்று ஒரு வார்த்தைகூடத் திரையில் எழுதாமல் சொல்லிக்கொடுத்தாயிற்று. எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைக்கும், ஆங்கிலம் தெரியாத நம் ஊர்ப் பிள்ளைக்கும், டோக்கியோப் பிள்ளைக்கும் ஒரே பாடம். எத்தனையோ ஆட்டங்கள் பத்துப் பக்கம் எழுதியும் சொல்ல முடியாததை ஒரு குழாயையும் ஐந்து கட்டங்களையும் வைத்துச் சொல்லிவிட்டார்கள்.

தயாரித்தவர்கள் சொன்ன இன்னொரு செய்தியும் உண்டு. முதலில் பெரிய மரியோவை வைத்துத்தான் வேலையைத் தொடங்கினார்கள். பிறகுதான் சின்னவனாகத் தொடங்கி வளர்வது என்ற யோசனை வந்தது. ஆகவே ஒரு வகையில் காளான் மரியோவைப் பெரிதாக்கவில்லை, அவனுடைய பழைய அளவைத் திருப்பிக் கொடுக்கிறது.

பெரிய உடம்பின் லாபமும் செலவும்

சின்ன மரியோவின் உயரம் ஒரு கட்டம், பெரிய மரியோவின் உயரம் இரண்டு கட்டம். லாபம், செலவு இரண்டும் இங்கிருந்துதான் வருகின்றன.

லாபத்தில் முதலாவது, சொன்னதுபோல ஒரு அடியைத் தாங்கலாம். அடிபட்டதும் மரியோ சுருங்கி, இரண்டு மூன்று விநாடி கண் சிமிட்டுவதுபோல் மின்னிக்கொண்டிருப்பான். அந்த நேரத்தில் எதிரிகள் அவன் ஊடே போய்விடுவார்கள், மறுபடி அடிபடாது. பதறி நிற்காமல் அந்த இடைவெளியில் ஓடிவிட வேண்டும். பழகியவர்கள் இதைத் தந்திரமாகவே வைத்திருப்பார்கள். நாலாவது ஸ்டேஜின் முடிவில் பாலத்தின் மேல் பௌசர் என்ற பெரிய கொம்பு வைத்த ஆமை ராஜா வழியை மறித்து நிற்பான். அவன் குதிக்கும் நேரம் பார்த்து அடியில் நுழைவது கஷ்டம். பெரிய மரியோவாக இருந்தால் நேரே அவன் மேல் மோதி, சுருங்கி, மின்னும்போதே அவன் ஊடாக ஓடி, பின்னால் இருக்கும் கோடரியைத் தொட்டுவிடலாம். பாலம் அறுந்து அவன் விழுவான். ஒரு காளானைச் செலவழித்து ஒரு ஸ்டேஜை வாங்கும் வியாபாரம் இது. அந்த ஸ்டேஜின் தொடக்கத்திலேயே ஒரு பவர் பெட்டி வைத்திருப்பதால் கைமுதல் கேட்பதற்கும் அலைய வேண்டாம்.

இரண்டாவது லாபம், செங்கலை உடைக்கலாம். சின்னவன் முட்டினால் செங்கல் ஆடும், அவ்வளவுதான். ஆனால் உள்ளே ஏதாவது ஒளிந்திருந்தால் சின்னவன் முட்டினாலும் வெளிவரும். அதை எடுக்கப் பெரியவனாக இருக்க வேண்டும் என்று நினைப்பது தவறு.

செலவு என்னவென்றால், இரண்டு கட்ட உயரத்துக்கு அடி விழ இடமும் இரண்டு மடங்கு. சின்னவன் தலைக்கு மேலே போய்விடும் பொருள் பெரியவன் நெற்றியில் பட்டுவிடும். ஒரு கட்டம் உயரமுள்ள சந்தில் சின்னவன் அப்படியே நடந்து போவான், பெரியவனால் முடியாது. வேகமாக ஓடிவந்து சந்தின் வாயில் கீழ்ப்பட்டனை அழுத்தினால் அவன் குனிந்து, ஓடிவந்த வேகத்தில் வழுக்கிக்கொண்டு உள்ளே போவான். ஓட்டம் போதாவிட்டால் நடுவில் நின்றுபோவான். ஆகவே சந்துக்கு நாலைந்து கட்டம் முன்பிருந்தே பி பட்டனை அழுத்தி ஓடிவர வேண்டும். அகலமான வாய்க்காலைத் தாண்ட நாலடி பின்னால் போய் ஓடிவருவோமே, அதே கணக்கு.

பள்ளம், நெருப்புக் குழம்பு, நேரம் தீர்வது ஆகிய மூன்றுக்கும் காளான் எதுவும் செய்யாது. பள்ளத்தில் விழுந்தால் பெரியவனும் போனவன்தான், நெருப்பு மரியோவும் போனவன்தான். மேலே ஓடும் கடிகாரம் முதல் ஸ்டேஜில் 400இல் தொடங்கும். அதில் ஒன்று குறைய ஒரு நொடிகூட ஆகாது. 400 நொடி இருக்கிறது என்று நிதானமாகக் காளான் தேடித் திரிந்தவர்கள் ஸ்டேஜ் முடியும் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் செத்துப் போவது இதனால்தான்.

எங்கே கோட்டை விடுகிறார்கள்

காளான் கிடைக்காமல் போவதற்கு மிகப் பெரிய காரணம் அது வலப்பக்கம் போகும் என்பதை மறப்பது. முதல் ஸ்டேஜில் முதல் காளானுக்குக் குழாய் தடுப்பாக இருக்கிறது. இரண்டாவது பவர் பெட்டி முதல் பள்ளத்தைத் தாண்டியபின் வரும், இரண்டு செங்கலுக்கு நடுவே. சின்னவனாக அதை முட்டினால் காளான் வலப்பக்கம் இறங்கித் தரையில் ஓடும். சற்றுத் தூரத்தில் அடுத்த பள்ளம். தடுக்கக் குழாய் கிடையாது. முட்டிவிட்டு வாய்பார்த்து நின்றால் காளான் பள்ளத்தில் போய் விழும். முட்டிக் கீழே இறங்கிய உடனே பி பட்டனோடு வலப்பக்கம் ஓட வேண்டும். மரியோ ஓடினால் காளானை எளிதாகப் பிடித்துவிடலாம், ஆனால் வேகத்தில் காளானோடு சேர்ந்து பள்ளத்தில் போகாமல் நிற்கவும் தெரிய வேண்டும். முதலில் ஒரு முறை தரையில் ஓடி நிற்பதைப் பழகிக்கொள்வது நல்லது. மரியோ உடனே நிற்கமாட்டான், சறுக்கித்தான் நிற்பான்.

திரை பின்னால் போகாது என்பதும் முக்கியம். இந்த ஆட்டத்தில் வலப்பக்கம் போன திரை இடப்பக்கம் திரும்பி வராது. காளான் குழாயில் இடித்து இடப்பக்கம் வரும்போது நாம் மேலே தாவி முன்னேறிவிட்டால், அது திரையின் இட ஓரத்தைத் தாண்டி மறைந்துவிடும். மறைந்தது மறைந்ததுதான்.

இன்னொன்று பலருக்குத் தெரியாதது. ஆட்டத்தின் நினைவில் ஒரு நேரத்தில் ஒரு பவருக்கு மட்டுமே இடம் உண்டு. ஒரு காளானை வெளியே விட்டுவிட்டு அதை எடுக்கும் முன் இன்னொரு பவர் பெட்டியை முட்டினால் முதலாவது காணாமல் போகும். "இப்போதுதானே இங்கே இருந்தது" என்று தேட வேண்டியதுதான். ஒன்றை எடுத்துவிட்டு அடுத்ததைத் தொடுவதே முறை.

கையில் உள்ள ரிமோட்டாலும் சிக்கல் வரும். இந்த ஆட்டம் முதலில் வந்த ஜப்பானியப் பெட்டியான ஃபாமிகாமில் முதலாம் ரிமோட்டில் ஏ, பி என்று இரண்டு ஆட்டப் பட்டன்தான். நம் ஊரில் புழங்கிய பெட்டிகளின் ரிமோட்டில் நாலு பட்டன் இருப்பது வழக்கம். கூடுதலான இரண்டும் 'டர்போ', அதாவது அழுத்திப் பிடித்தால் அது படபடவென்று தானே தட்டிக்கொண்டிருக்கும். மரியோவின் குதி எவ்வளவு உயரம் போகும் என்பது ஏ பட்டனை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. டர்போ ஏயை அழுத்தினால் ஆட்டத்தின் கண்ணுக்கு விரல் எடுத்து எடுத்து வைப்பதாகவே தெரியும். குதி பாதியில் நின்றுபோகும், பெட்டி எட்டாது. "மரியோ குதிக்கவே மாட்டேங்கிறான்" என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது விரல் எந்தப் பட்டனில் இருக்கிறது என்பதைத்தான். பி பட்டனில் டர்போ இருந்தால் நெருப்பு எறிய வசதி.

காளான் செங்கல் வரிசையின் மேல் ஊர்ந்து போகும்போது, அது நிற்கும் கட்டத்தைக் கீழிருந்து முட்டினால் துள்ளும். உயரத்தில் மாட்டிய காளானை இறக்க இது உதவும். ஆனால் சின்னவனாக இருக்கும்போது மட்டும் செய்ய வேண்டியது. பெரியவன் முட்டினால் செங்கலே உடைந்துவிடும்.

பூவும் நட்சத்திரமும்

பூவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது நகராது, பெட்டியின் மேலேயே மின்னிக்கொண்டிருக்கும், ஏறிப்போய் எடுக்க வேண்டும். எடுத்தபின் பி பட்டனைத் தட்டினால் தரையில் துள்ளித் துள்ளிப் போகும் நெருப்பு உருண்டை வரும். திரையில் ஒரு நேரத்தில் இரண்டு உருண்டைதான் இருக்க முடியும். மூன்றாவதை எறிய முதல் இரண்டில் ஒன்று எதிலாவது பட வேண்டும் அல்லது திரையைத் தாண்ட வேண்டும். அதனால் தூரத்தில் எறிவதைவிட நெருங்கி எறிந்தால் வேகமாக எறியலாம். கறுப்பு ஓடு போட்ட வண்டுக்கு நெருப்பு உறைக்காது. பௌசரை ஐந்து உருண்டையில் வீழ்த்தலாம். முதல் உலகத்தில் (நாலு ஸ்டேஜ் சேர்ந்தது ஓர் உலகம்) அப்படி வீழ்த்தினால் விழுவது வேஷம் போட்ட கூம்பா என்று தெரியவரும். தண்ணீருக்கடியில் நடக்கும் ஸ்டேஜ்களில் எதிரியை மிதித்துக் கொல்ல முடியாது, அங்கேதான் பூ உண்மையில் வேலைக்கு வரும்.

நட்சத்திரம் மேலே சொன்ன எண்ணைத் தொடுவதே இல்லை. அது தனியான ஒரு கடிகாரம். எடுத்ததும் ஏறத்தாழ 12 விநாடி, தொட்ட எதிரியெல்லாம் சாவான், பாட்டும் மாறும். அந்தப் பாட்டும் மற்ற இசையும் கோஜி கோண்டோவின் வேலை. நட்சத்திரம் துள்ளித் துள்ளி ஓடுவதால் பிடிப்பது கஷ்டம், பிடித்தபின் நிற்பது வீண். சின்னவன் எடுத்தால் சின்னவனாகவே மின்னுவான், முடிந்தபின்னும் சின்னவன்தான். பள்ளம் மட்டும் நட்சத்திரத்துக்கும் மசியாது.

பிறகு வந்த காளான்கள்

அடுத்த ஆண்டே, 1986இல், ஜப்பானில் வந்த இரண்டாம் ஆட்டத்தில் நச்சுக் காளானை வைத்தார்கள். முதல் ஆட்டத்தில் பார்த்த காளானையெல்லாம் ஓடிப்போய் எடுக்கப் பழகிய கைக்கு வைத்த பொறி அது. தொட்டால் எதிரியைத் தொட்டது போல அடிபடும். வேலியோரம் முளைத்ததையெல்லாம் பறித்துக் குழம்பு வைக்கக் கூடாது என்று பாட்டிகள் சொல்வது விளையாட்டுக்குள் வந்துவிட்டது.

1988இல் ஜப்பானில் வந்த மூன்றாம் ஆட்டத்தில் இலை, தவளை உடை என்று பவர்கள் பெருகின. அந்த ஜப்பானியப் பதிப்பில் எந்த உடையோடு அடிபட்டாலும் நேரே சின்னவன்தான். 1990இல் அமெரிக்காவுக்குப் போனபோது விதியைத் தளர்த்தினார்கள். உடையோடு அடிபட்டால் முதலில் பெரிய மரியோ, அப்புறம்தான் சின்னவன். பின்னால் வந்த பெரும்பாலான ஆட்டங்கள் இந்த இறக்கத்தையே வைத்துக்கொண்டன. ஆகவே புதிய ஆட்டத்தில் பழகியவர்கள் 1985 ஆட்டத்துக்கு வந்தால் நெருப்பு மரியோவாக அசட்டையாக நடந்து ஏமாறுவார்கள்.

1990இல் வந்த சூப்பர் மரியோ வேர்ல்டில் திரையின் மேல் நடுவே ஒரு சின்னப் பெட்டி. உபரியாகக் கிடைத்த பவர் அதில் தங்கும், அடிபட்டால் மேலிருந்து இறங்கும். நெல்லைக் குதிரில் போட்டு வைப்பது மாதிரி. 2006இல் திரையை அடைக்கும் அளவுக்கு வளர்க்கும் ராட்சதக் காளானும், குழந்தை அளவுக்குச் சுருக்கித் தண்ணீர் மேல் ஓடவிடும் குட்டிக் காளானும் வந்தன. கார்ப் பந்தய ஆட்டங்களில் அதே காளான் வண்டிக்கு ஒரு வேகத் தள்ளு கொடுக்கும், உடம்பு வளராது. 2023இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் வொண்டரில் ஒரு பழம் தின்றால் மரியோ யானையாகிறான். துதிக்கையை வீசி எதிரியை அடிக்கிறான், தண்ணீரை உறிஞ்சி வாடிய பூமேல் பீய்ச்சுகிறான். மன்னார்குடியில் கோயில் யானை செங்கமலத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. யானையானாலும் சின்ன மரியோ, பெரிய மரியோ என்ற அடிப்படைப் படிகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

ஆட ஆரம்பிப்பவர்களுக்கு

பழைய பெட்டியில் ஆடுவதானால் பட்டியலில் நூற்றுக்கணக்கில் பெயர் இருக்கும். அதில் ஒரே ஆட்டம் வேறு வேறு ஸ்டேஜிலிருந்து தொடங்குவதாகத் திரும்பத் திரும்ப வந்திருக்கும். முதல் ஸ்டேஜிலிருந்து தொடங்கும் ஒன்றையே தேர்ந்தெடுங்கள். காளான் பாடம் அங்கேதான் இருக்கிறது, நாலாவது உலகத்தில் போய் நின்றால் பாடமில்லாமல் பரீட்சைதான்.

முதல் நாள் ஒரே ஒரு வேலை செய்யலாம்: முதல் ஸ்டேஜைச் சின்ன மரியோவாக, காளானை வேண்டுமென்றே தொடாமல், கொடிக்கம்பம் வரை கொண்டுபோவது. எளிதில்லை, ஆனால் குதியின் உயரமும் சறுக்கலும் கைக்கு வந்துவிடும். இரண்டாம் நாள் காளானோடு ஆடினால் அந்த ஒரு அடி எவ்வளவு பெரிய வசதி என்று தெரியும். முதலிலேயே காளானை நம்பி ஆடுகிறவர்கள் அடிபட்டுச் சின்னவனான அடுத்த நிமிடமே தடுமாறுவதைப் பார்க்கலாம்.

மூன்று லைஃபும் போய் ஆட்டம் முடிந்தால், முகப்புத் திரையில் ஏ பட்டனை அழுத்திப் பிடித்தபடியே ஸ்டார்ட்டை அழுத்துங்கள். எந்த உலகத்தில் செத்தோமோ அதன் முதல் ஸ்டேஜிலிருந்து தொடங்கும். 3-3இல் போயிருந்தால் 3-1. காசுக் கணக்கும் புள்ளியும் போய்விடும், மரியோ 0இலிருந்துதான். ஆனால் இதெல்லாம் பெட்டியில் கரண்ட் இருக்கும் வரைதான். இந்த ஆட்டத்தில் சேமித்து வைக்கும் வசதி கிடையாது. ஏழாவது உலகத்தில் நெருப்பு மரியோவாக நிற்கும்போது தெருவில் கரண்ட் போனால், வந்ததும் மறுபடி அதே கூம்பா, அதே ஐந்து கட்டங்கள், அதே குழாய்.